பயனற்ற தீங்கு எது?

இல்லறத்தார் மேற்கொள்ளும் குணவிரதங்கள் மூன்றனுள் அநர்த்த தண்ட விரதமும் ஒன்று என்பது நம் குடும்பங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. பயனின்றிச் செய்யும் தீங்கிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். சொல்வதற்கு எளிது. ஆனால் பயன் உடையது எது, பயன் அற்றது எது என்று பகுத்துக் காட்டுவது எவ்வளவு அரிது என்பதை, எழுபது வயதைக் கடந்த பின்னர், என் பேரன் கேட்ட ஒரு கேள்வியால் உணர்ந்தேன். அன்று அவனுக்கு நான் அவசரப்பட்டுச் சொன்ன விடை பாதியளவே சரியானது. முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவள், தான் எழுதிய பிழையைத் தானே திருத்தாமல் விடுவது முறையாகாது. அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பேரனின் கேள்வி

2023ஆம் ஆண்டு கோடைக்காலம். ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளனாகப் பணிபுரியும் என் பேரனை, அவனுடைய மேலதிகாரி ஒருவர் கிண்டியில் உள்ள கோல்ஃப் மைதானத்துக்கு விருந்தினனாக அழைத்துச் சென்றார். குதிரைப் பந்தயத் தடத்தின் நடுவே அமைந்திருந்த பரந்த புல்வெளி அது. மாலையில் வீடு திரும்பியவன் முகத்தில் அப்படியொரு தெளிவு. கால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே அமர்ந்தான்.

"பாட்டி, இந்த ஆட்டத்தில் எவரும் எவரையும் அடிப்பதில்லை, தள்ளுவதில்லை, கூச்சல்கூடக் கிடையாது. ஒரு சிறிய பந்தைக் கோலால் அடித்துவிட்டு, அது விழுந்த இடத்தை நோக்கி அமைதியாக நடக்கிறோம். நம் அறத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா, சொல்லுங்கள்" என்றான்.

"பந்துக்கு நோகாது, தம்பி. அந்தப் புல்லுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் என்ன நேர்கிறது என்று பார்த்தாயா? ஒரு சிலருடைய பொழுதுபோக்குக்காக இத்தனையையும் வருத்துவது அநர்த்த தண்டம்தான்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நான் வென்றுவிட்டதாக அன்று எண்ணிக்கொண்டேன்.

என் விடைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அருங்கலச்செப்பு முதலாக இல்லறத்தார்க்கு ஒழுக்கம் கூறும் நூல்கள் இவ்விரதத்தை விரித்துரைக்கின்றன. பயனற்ற தீங்கின் வகைகளுள் கவனமின்மையால் விளைவது ஒன்று. மண்ணை வீணே அகழ்வதும், நீரை வீணே இறைப்பதும், மரம் செடி கொடிகளை வீணே வெட்டுவதும் அதில் அடங்கும். நம் முன்னோர் பெரும்பாலும் உழவர். ஏர் பிடிப்பவன் ஓரறிவுயிர்க்குத் தீங்கு செய்யாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. அதை அறிந்தே பெரியோர், 'உன் வாழ்வுக்கு வேண்டிய அளவோடு நில், அதற்கு அப்பாலுள்ளதை விடு' என்று இல்லறத்தானுக்கு ஓர் எல்லை வகுத்தனர். அந்த எல்லைக்கு வெளியே கோல்ஃப் மைதானத்தை வைப்பது எனக்கு மிக எளிதாக இருந்தது. ஏனெனில் நான் கோல்ஃப் ஆடுவதில்லை.

கடற்கரையில் பிறந்த ஆட்டம்

பிறகு, தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலால், இவ்வாட்டத்தைப் பற்றிச் சில நூல்களைப் படித்தேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

இது ஸ்காட்லாந்து நாட்டின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த ஆட்டம். வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக இருக்கிறது என்று 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் இதனைத் தடை செய்தது என்றால், அதற்கு முன்பே இது மக்களை எவ்வளவு கவர்ந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1764ஆம் ஆண்டில் ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற வழக்கம் ஏற்பட்டது. பின்னர் உலகம் முழுவதும் அதுவே அளவாயிற்று. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம்.

அந்தக் கடற்கரை நிலம் உழவுக்கு உதவாத மணற்பாங்கு. அங்கே மேடு பள்ளங்களை அமைத்தது காற்று. புல்லை மேய்ந்து கட்டையாக்கியவை ஆடுகள். நீர் பாய்ச்சியது மழை. மனிதன் குழி தோண்டியதைத் தவிர வேறொன்றும் அதிகமாகச் செய்யவில்லை. இருக்கும் நிலத்தை இருந்தபடியே ஏற்று அதில் ஆடினான்.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் ஆட்டமும் உடன் சென்றது. 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கோல்ஃப் சங்கம் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய சங்கங்களுள் அதுவே மிகப் பழையது. வங்கத்துச் சமவெளியிலும் நம் சென்னைச் சமவெளியிலும் காற்று அமைத்த மணல்மேடுகள் இல்லை. ஆண்டு முழுவதும் தூறும் மழையும் இல்லை. ஆகவே தட்டையான நிலத்தில் இவ்வாட்டம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மனிதனே உண்டாக்க வேண்டும். மண்ணைக் கொட்டி மேடு எழுப்ப வேண்டும், பள்ளம் தோண்டி மணல் நிரப்ப வேண்டும், வெயிலில் கருகும் புல்லுக்கு நீர் இறைக்க வேண்டும்.

குழியைச் சுற்றியுள்ள புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். இரண்டு நாணயங்களை அடுக்கினால் வரும் உயரம் அது. அவ்வளவு கட்டையாக வெட்டப்பட்ட புல் நோய்க்கு எளிதில் இரையாகும். எனவே அதற்கு உரமும் மருந்தும் இட வேண்டியதாகிறது. மண்புழு மேலே தள்ளும் சிறு மண்ணுருண்டை பந்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதற்காக, நஞ்சிட்டு மண்புழுக்களை ஒழிக்கும் வழக்கமும் 20ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு மைதானங்களில் இருந்தது. ஓரறிவுயிராகிய புல்லோடு ஈரறிவுயிராகிய புழுவும் ஆட்டத்துக்காக மடிந்தது என்று படித்தபோது, என் விடை சரிதான் என்று மேலும் உறுதி கொண்டேன்.

ஒரு கணக்கு

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த ஒரு பாடம் உண்டு. 'அதிகம்', 'குறைவு' என்று சொல்லி நிறுத்தாதே. எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டு என்பதே அது. அவ்வாறே கணக்கிட்டேன்.

ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் விட்டால் அது ஏறத்தாழ 20,000 லிட்டர். நம் நாட்டுக் கோடையில் புல்லைப் பசுமையாக வைத்திருக்க ஒரு நாளைக்கு அவ்வளவு நீர் தேவைப்படுவது வியப்பன்று. 125 ஏக்கர் புல்வெளி என்றால் நாளொன்றுக்கு 25 லட்சம் லிட்டர்.

இந்த எண்ணைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டுபோயின. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து நீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வந்து சேர்ந்தது. அதன் ஐம்பது வண்டிகளில் வந்த நீர் 25 லட்சம் லிட்டர். நாங்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருமுனையில் காத்திருந்த நாட்கள் அவை.

என் கணக்கு எந்த ஒரு மைதானத்தையும் சுட்டுவதன்று. சில மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டே புல்லை வளர்க்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு நகரத்தின் தாகமும் ஒரு புல்வெளியின் தாகமும் ஒரே எண்ணில் வந்து நின்றது என் நெஞ்சில் தைத்தது. இதை ஒரு தாளில் எழுதிப் பேரனிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தான்.

பேரனின் மறுகேள்வி

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உண்ட பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?"

எனக்கு விடை தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

வேளச்சேரிப் பகுதியில் 1988ஆம் ஆண்டு நானும் என் கணவரும் அரை கிரவுண்டு மனை வாங்கினோம். இருவருடைய வருங்கால வைப்பு நிதியில் கடன் பெற்று, என் நகைகளையும் விற்றுக் கட்டிய வீடு அது. கடைக்கால் தோண்டிய நாளில் இரண்டடி ஆழத்திலேயே கருங்களிமண்ணும் நத்தை ஓடுகளும் வந்தன. கொத்தனார், "ஏரி வயிறுதானே அம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். நாங்கள் ஐந்து லாரி மண் கொட்டி மேடாக்கினோம். எங்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் அவ்வாறே செய்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே நீர் நின்ற தடமே இல்லாமற் போயிற்று.

அந்த வீட்டில்தான் நான் நாள்தோறும் குடிநீரைத் துணியிட்டு வடிகட்டினேன். நீரிலுள்ள நுண்ணுயிர்க்கு ஊறு நேரக் கூடாது என்று என் தாய் கற்பித்த வழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை. ஓர் ஏரியின் ஒரு மூலையைத் தூர்த்து, அதில் வாழ்ந்த எண்ணற்ற உயிர்களின்மேல் தளம் போட்டு, அத்தளத்தின்மேல் நின்று ஒரு குடம் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தேன் என்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு அது தோன்றியிருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் வீட்டுக்குள் நான்கடி நீர். நானும் என் கணவரும் பக்கத்து மாடி வீட்டில் மூன்று இரவுகள் தங்கினோம். நீர் வடிந்து திரும்பியபோது, சமையலறைச் சேற்றில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் இறந்து கிடந்தன. நான் அழுதேன். நம் வீட்டுக்குள் இப்படி ஒரு பாவம் நேர்ந்துவிட்டதே என்றுதான் அழுதேன். அவை வழி தவறி என் வீட்டுக்குள் வந்ததாக எண்ணினேன். நீர் தன் பழைய இடத்துக்கு வந்தது, மீன்களும் அதனோடு வந்தன என்று எண்ணவில்லை.

"அந்தக் கோல்ஃப் மைதானம் நம் வீட்டுக்கு மிகத் தொலைவில் இல்லை, பாட்டி. அவர்கள் புல் வளர்த்தார்கள். மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்கும். நாம் சிமெண்ட் போட்டோம்" என்றான் பேரன். அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. நான் கற்பித்த கணக்கைத் தொடர்ந்து போட்டிருக்கிறான், அவ்வளவே. ஏறத்தாழ 160 ஏக்கர் திறந்த நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆறரைக் கோடி லிட்டர் நீர் சேரும். அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி தேங்கி நின்று மெல்ல வடியும். அதே 160 ஏக்கரில் வீடுகள் நெருங்கியிருந்தால் அந்நீர் முழுவதும் சிறிது நேரத்தில் தாழ்ந்த தெருக்களுக்குள் பாய்ந்துவிடும். கடலை ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் நம் நகரத்தில் அது போவதற்கு வேறு வழியும் இல்லை.

ஆட்டம் பயனற்றதா?

என் முதல் விடையை நானே சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன். 'வீடு தேவை, விளையாட்டு தேவையன்று. தேவைக்காகச் செய்த தீங்கு வேறு, பொழுதுபோக்குக்காகச் செய்த தீங்கு வேறு' என்று என் மனம் வாதாடியது. இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையில்லை.

நான் பணியாற்றிய பள்ளியில் தேர்வு நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதை எதிர்த்தவள் நான். ஓடியாடாத பிள்ளையின் உடல் மட்டுமன்றி உள்ளமும் கூம்பிவிடும் என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். விளையாட்டு வீண் என்று அன்று சொல்லாத நான், இன்று பேரனிடம் மட்டும் எவ்வாறு சொன்னேன்?

வந்தவாசிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரில் பையன்கள் கிட்டிப்புள் ஆடுவார்கள். அதுவும் ஒரு சிறு பொருளைக் கோலால் அடித்து வெகுதூரம் போக்கும் ஆட்டம்தான். நெல் அறுத்த வயலில், அடுத்த பருவத்துக்கு நீர் பாயும்வரை ஆடுவார்கள். வயல் முதலில் சோறு தந்தது, பிறகு ஆட இடம் தந்தது, மீண்டும் உழவுக்குத் திரும்பியது. ஆட்டத்துக்கென்று ஒரு சொட்டு நீரும் இறைக்கப்படவில்லை. அந்த ஆட்டத்திலிருந்த மகிழ்ச்சி கோல்ஃபில் உள்ள மகிழ்ச்சியைவிடக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது.

ஆகவே பயனின்மை ஆட்டத்தில் இல்லை. வேண்டிய அளவைக் கடந்து செல்லும் பகுதியில் இருக்கிறது. வீட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தங்குவதற்கு வீடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் எங்களுக்கு ஏரியின் வயிற்றில்தான் வீடு வேண்டும் என்பதில்லை. அங்கே மனை விலை குறைவு, எனக்குப் பள்ளி அருகில் என்பதால் வாங்கினோம். முற்றம் முழுவதற்கும் சிமெண்ட் தளம் போட்டது எந்தத் தேவைக்காக? சேறு படியாமல் இருக்கட்டும் என்பதற்காக. அந்தப் பகுதியை எந்தக் கணக்கில் எழுதுவது? பிறர் செய்யும் தீங்கு பொழுதுபோக்கு என்றும், நாம் செய்யும் தீங்கு தேவை என்றும் பெயரிட்டுக்கொள்வது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இந்த விரதம் அந்தப் பழக்கத்தைத்தான் தடுக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

மதிலின் இரு புறமும்

இதைப் படிக்கும் சிலர், 'அப்படியானால் கோல்ஃப் ஆடியவர்கள் நகரத்துக்கு நன்மை செய்தார்கள் என்கிறீர்களா?' என்று கேட்கக்கூடும். அதற்கும் விடை கூற வேண்டும்.

பந்தயத் திடலின் ஓரமாகச் செல்லும் ஐந்து பர்லாங் சாலையில் இருபது ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன். மதிலுக்கு மேலே மரத்தலைகள் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று என் மாணவிகள் கேட்டால் சொல்லத் தெரியாது. அரசுக்குச் சொந்தமான அந்த 160 ஏக்கர் 86 சென்ட் நிலம், 1945ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகையாக மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு விடப்பட்டது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். வாடகையை உயர்த்துவது பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் நிலுவைத் தொகை 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கூறிச் செலுத்த ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தைத் தன்வசமாக்கியது. அதனோடு அங்கே நடந்த கோல்ஃப் ஆட்டமும் வழக்குக்கு உள்ளாயிற்று.

அந்த மதில் நகரத்து மக்களை வெளியே நிறுத்தியது. அதே மதில் வீடுகளையும் கடைகளையும் வெளியே நிறுத்தியது. மண் திறந்தே கிடந்தது. ஆனால் மதிலுக்குள் இருந்தவர்கள் மழைநீரை ஏற்கும் எண்ணத்தோடு அதைக் காக்கவில்லை. தம் ஆட்டத்துக்காகக் காத்தார்கள். காய்ச்சலால் பள்ளிக்கு வராத மாணவன் அன்றைய தேர்வில் காப்பியடிக்கவில்லை என்பதற்காக அவனை நேர்மையாளன் என்று பாராட்டுவதில்லை. வினையின் பயன் நன்றாக அமைந்தாலும், உள்ளக் கருத்தை வைத்தே அறம் அளக்கப்படும் என்பது நாம் கற்றது. அவர்களுக்குப் புண்ணியக் கணக்கு எழுத நான் முற்படவில்லை. ஆனால் அவர்களுடைய பிழையைக் காட்டி என் கணக்கிலுள்ள பாவத்தைக் கழித்துக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை.

மதில் இன்றியும் இவ்வாட்டம் நடக்கலாம் என்பதற்கு அது வளர்ந்த ஊரே சான்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானம் இன்றும் பொதுச் சொத்து. சிறப்புப் போட்டிகள் நடக்கும் காலம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் குழந்தைகளோடு அப்புல்வெளியில் உலாவுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் நிலத்துக்கும் ஓய்வு, ஊருக்கும் உரிமை. அளவோடு நிற்பது என்றால் என்ன என்பதற்கு இதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மீளும் தீங்கும் மீளாத் தீங்கும்

நிலம் அரசின் வசம் வந்த பிறகு, வெள்ளத்தைத் தணிக்க அங்கே குளங்கள் வெட்டும் பணி தொடங்கியது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. செய்தித்தாளில் அந்தக் குளங்களின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு கருத்துத் தோன்றியது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முடிவாக இதுவே.

ஆட்டத்துக்காக வருத்தப்பட்ட நிலம், ஆட்டம் நின்றதும் குளமாக முடிந்தது. என் அரை கிரவுண்டு ஒருநாளும் ஏரியாக முடியாது. அதன்மேல் வீடு இருக்கிறது. வீட்டில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்குப் பின் வேறொருவர் இருப்பார். தேவை என்ற பெயரால் நாங்கள் செய்தது மீளாத் தீங்கு. பொழுதுபோக்கு என்ற பெயரால் அவர்கள் செய்தது பெரிதும் மீளக்கூடிய தீங்கு. தீங்கை அளக்கும்போது, எதற்காகச் செய்தோம் என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு செய்தோம், யாரை வெளியே நிறுத்தினோம், நாளை ஒருவர் வந்து இதைத் திருத்த முடியுமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முன்பு நான் என் பேரனிடம் முதற்கேள்வியை மட்டும் கேட்டேன். அதிலும் விடையை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

பொதுப்பணி என்ற பெயருக்கும் இதே அளவுகோல் உண்டு. பூங்கா என்ற பெயரால் நடைபாதைக்கும் மேடைக்கும் கட்டடத்துக்கும் மண்ணை மூடிவிட்டால், ஒரு மதிலை எடுத்துவிட்டு ஒரு தளத்தைப் போட்டதாகவே முடியும். திறந்த மண் திறந்தபடியே இருப்பதற்கும் ஒரு பயன் உண்டு என்பதை நகரத்தார் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நானும் அவர்களுள் ஒருத்தி.

என்னால் இயன்றது சிறிது. 2024ஆம் ஆண்டு இறுதியில், எங்கள் முற்றத்தில் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள சிமெண்ட் தளத்தைப் பெயர்த்து எடுக்கச் செய்தேன். ஆள்கூலியோடு என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி செலவாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் சென்னையில், அந்தச் சிறு இடத்தில் விழும் நீர் ஆண்டுக்கு 31,000 லிட்டர். இது பிராயச்சித்தம் ஆகாது. ஏரி திரும்ப வந்துவிடவும் இல்லை. மழைக்காலத்தில் முற்றம் சேறாகிறது. மருமகள் சற்றே முணுமுணுக்கிறாள். ஆனால் சென்ற மழைக்குப் பின் அந்த மண்ணில் மண்புழுக்கள் மேலே தள்ளிய சிறு உருண்டைகளைக் கண்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு அருகாக மூடிக்கிடந்த மண்ணுக்குள் அவை எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் கால் வைக்கும்போது குனிந்து பார்த்துத்தான் வைக்கிறேன்.

பேரன் இப்போது கோல்ஃப் ஆடப் போவதில்லை. நான் தடுத்ததனால் அன்று. அழைத்துச் சென்ற அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அவ்வளவுதான். மீண்டும் யாரேனும் அழைத்தால் போகலாமா என்று அண்மையில் கேட்டான்.

"போ, தம்பி. போய் ஆடிவிட்டு வா. ஆனால் அந்தப் புல்லுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, மதிலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டு வா. வந்து எனக்கும் சொல். அதற்குள் நம் வீட்டைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு மீதி விடையை நானும் தேடி வைக்கிறேன்" என்றேன்.

நம் அன்பர்களும் தத்தம் வீட்டு முற்றத்திலிருந்தே இக்கேள்வியைத் தொடங்கிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.